கனசதுரமும் மனனமும்

ஹங்கேரியக் கட்டடக்கலை ஆசிரியர் ஏர்னோ ரூபிக் 1974இல் ஆக்கிய வண்ணக் கனசதுரம் சில ஆண்டுகளிலேயே விரைவுப் போட்டிக்குரிய பொருளாயிற்று. 1982இல் புடாபெஸ்ற் நகரில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்கரான மின் தாய் 22.95 செக்கனில் வென்றார். காலம் குறையக் குறைய வினா ஒன்று வலுத்தது: சூத்திரம் எனப்படும் திருப்பு வரிசைகளுள் எவற்றை மனனஞ் செய்வது?

கீழிரு அடுக்குகளும் அமைந்தபின் மேலடுக்கு 62,208 நிலைகளுள் எதிலும் நிற்கலாம். அதனை ஒரே சூத்திரத்தால் முடிக்க விழைவோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கற்றாக வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவிற் பிறந்த ஜெசிக்கா பிரிட்ரிச்சின் பெயரால் வழங்கும் முறை (பிறர் பங்கும் அதில் உண்டு) வேலையை இரண்டாக வகுத்தது. மேல்முகத்தை ஒரு நிறமாக்க 57, துண்டுகளைத் தத்தம் இடஞ் சேர்க்க 21. ஆக 78 போதும். அந்த 21ஐயும் முதலிற் கற்பதே அறிவுடைமை. 72இல் 71 தடவை அவற்றுள் ஒன்று வேண்டப்படும்.

பின்னர் போலந்தின் ஸ்போரோவ்ஸ்கியும் ஒல்லாந்தின் வான் புரூகெமும் வகுத்த முறையிலோ, விளிம்புத் துண்டுகள் நேர்பட்டிருந்தால் ஒரே சூத்திரம் மேலடுக்கை முடிக்கும். ஆயின் சூத்திரங்கள் ஏறக்குறைய 500. அந்நிலை தானாக வாய்ப்பதோ எட்டில் ஒரு முறையே. நினைவு சற்றே தயங்கினும் ஈட்டிய செக்கன் போய்விடும். ஆகவே வல்லாருட் பலர், கண்ணுக்கு உடனே புலப்பட்டு விரலுக்கு எளிதாய் ஓடும் சில தொகுதிகளை மட்டும் பொறுக்கிக் கற்றனர்.