அரக்கும் தளபாடமும்

அரக்கு என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது பாரதக் கதையின் அரக்கு மாளிகையே. எளிதில் தீப்பற்றும் என்பதற்காகவே துரியோதனன் அப்பொருளை நாடினான். அழிவுக்கு நாடப்பட்ட அதே அரக்குத்தான் பல நூற்றாண்டுகளாக மரத் தளபாடங்களுக்கு மெருகூட்டி வந்தது.

பலாசு, இலந்தை முதலிய மரங்களின் சாற்றை உண்ணும் சிறு பூச்சி, தன் உடலைச் சுற்றிக் கசியவிடும் பிசினே அரக்கு. மாத்தளைப் பகுதிக் கம்மாளர் இதனைக் கரைப்பதில்லை. கடைசலிற் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர்; உராய்வின் வெப்பத்தால் அது உருகிப் படியும். நூல்போல் இழுத்த அரக்கைப் பெருவிரல் நகத்தால் நறுக்கிக் கோலமிடுவதும் அவர்தம் கைவன்மை.

ஐரோப்பியர் அரக்கை நாடியதற்குக் காரணம் வேறு. 1641 முதல் யப்பானின் தெசிமாத் தீவில் வாணிபம் செய்த ஒல்லாந்தக் கம்பனி (இலங்கைக் கரையோரத்தை ஆண்டதும் அதுவே) அந்நாட்டுக் கரிய மெருகுப் பெட்டகங்களை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றது. செல்வர் அவற்றில் மயங்கினர். ஆனால் அம்மெருகு பூச்சியின் பிசினன்று. ஒருவகை மரத்தின் பால். அது மேல்நாட்டுத் தச்சருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து வந்த அரக்கைச் சாராயச் சத்திற் கரைத்து, விளக்குக் கரி சேர்த்து, பூச்சின்மேற் பூச்சாகப் பூசிப் பழகினர். இம்முறைகளை விளக்கும் நூலொன்றை ஸ்டோக்கர், பார்க்கர் என்னும் இருவர் 1688இல் ஒக்ஸ்போர்டில் வெளியிட்டனர். வீட்டிலிருந்த சாதாரண மேசையும் பெட்டகமும் இவ்வாறு கீழைநாட்டுக் கோலம் பூண்டன. போலிதான், எனினும் அழகிய போலி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரிய பூச்சு ஒதுங்க, மர வரியைக் காட்டும் 'பிரெஞ்சுப் பொலிஷ்' பரவியது. பஞ்சைத் துணியிற் சுற்றி, அரக்குக் கரைசலில் நனைத்து, ஓரிரு துளி ஆளிவிதை எண்ணெயிட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பது அம்முறை. சூடான கோப்பை வைத்தால் அதில் வெள்ளை வளையம் விழும். சாராயம் சிந்தினால் இளகும். இக்குறைகளை நோக்கியே பிற்காலத் தொழிற்சாலைகள் வேறு மெருகுகளுக்கு மாறின.

ஆயின் அந்தக் குறையே பழுதுபார்ப்போருக்கு வரம். புதிய அரக்கு பழைய பூச்சை இளக்கி அதனோடு ஒன்றாகிவிடும். பழைய நாற்காலியின் மறைவான ஓரத்திற் சாராயச் சத்து ஒரு துளி விட்டு, மெருகு பிசுபிசுத்தால் அது அரக்காகவே இருக்கக்கூடும். அத்தகைய நாற்காலியைப் பெரும்பாலும் சுரண்ட வேண்டியதில்லை. இதனை அறியாது சீவுளி போட்டவர்கள், நூறாண்டாகக் கைபட்டு முதிர்ந்த நிறத்தை ஒரு பகலிற் குப்பையாக்கினர். அந்நிறத்தை எந்தத் தச்சராலும் மீட்டுத் தர முடியாது.

இன்றைய நாகரிகமோ பழந்தளபாடத்துக்கு மங்கிய வெண்மை பூசி, விளிம்புகளைத் தேய்த்து, முதுமை தோன்றச் செய்வது. 1990இல் ஆனி ஸ்லோன் என்னும் ஆங்கிலப் பெண்மணி இதற்கென்றே சுண்ணம்போல் மங்கிக் காயும் பூச்சொன்றை ஆக்கினார். மகோகனி மரத்தில் அதனைப் பூசினால் மரத்தின் செஞ்சாயம் கசிந்து வெண்மையைக் கறைப்படுத்துவதுண்டு. அதனைத் தடுக்க, வெண்பூச்சின் அடியில் முதலில் ஒரு பூச்சு அரக்கே பூசுகின்றனர்.