செங்கற்பட்டு நெல்லின் வம்சம்

காஞ்சிபுரத்தைப் பட்டுக்கும் கோயிலுக்கும் உரிய நகரமென்றே உலகம் அறியும். ஆயினும் தென்னேரி, உத்திரமேரூர் முதலிய ஏரிகளின் ஆயக்கட்டில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவந்தோறும் விளைந்துவந்த நெல்லே, தறியில் அமர்ந்தவருக்குச் சோறாகவும், விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பாவுக்குக் கஞ்சியாகவும் இருந்து அத்தொழிலைத் தாங்கிவந்தது. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் நெல்லினம் ஒன்று கடல் கடந்து சென்று ஆசிய கண்டத்தின் வயல்களில் நிலைபெற்ற வரலாறு, பட்டின் புகழுக்கு இளைத்ததன்று.

அந்த ஜில்லாவில் இருந்து, 1997இல் திருவள்ளூர் மாவட்டத்தோடு பிரிந்துபோன திரூர்க்குப்பத்தில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று உண்டு. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தெரிந்தெடுத்த ஜி.இ.பி. 24 என்னும் சன்னரகத்தையும் கோ 18 என்னும் ரகத்தையும் ஒட்டுச் சேர்த்ததில் பிறந்த டி.கே.எம். 6 என்ற நெல், அப்பண்ணையின் பெயரைத் தாங்கி 1950களின் தொடக்கத்தில் வெளிவந்தது. குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும் இயல்புக்காக, பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தம் கலப்பினங்களில் சேர்த்துக்கொண்டனர். 1969இல் வெளிவந்து நம் விவசாயிகளின் வாயில் 'ஐ.ஆர். இருபது' என்று புழங்கிய நெல்லுக்கு அதுவே ஒரு பெற்றோர்.

1967இல் அந்நிலையத்தில் சேர்ந்தவர் பஞ்சாபில் பிறந்த குர்தேவ் சிங் குஷ். கலிபோர்னியாவின் டேவிஸில் 1960இல் முனைவர் பட்டம் பெற்று, தக்காளியின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அதன்பின் தம் விஞ்ஞான வாழ்வை நெல்லுக்கே அர்ப்பணித்தார். இலையின் ஓரத்தை வைக்கோல் நிறத்தில் நெளிநெளியாய்க் காயவைக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை அந்நிலையத்தார் சோதித்த முறை மிக எளியது. கத்தரிக்கோலைக் கிருமி கலந்த நீரில் தோய்த்து இலையின் நுனியை நறுக்குவார்கள். இரு வாரம் கழித்து, வெட்டுவாயிலிருந்து கீழே எவ்வளவு தூரம் கருகியிருக்கிறதென்று அளவுகோலால் அளப்பார்கள். அவ்வளவுதான் கருவி! எந்தச் செடியில் கருகல் சில சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது, அதன் சந்ததியில் அந்தக் குணம் எந்த விகிதத்தில் பிரிகிறது என்று பொறுமையோடு எண்ணியே, 1977இல் குஷ்ஷும் அவர் தோழர்களும் எக்ஸ்.ஏ. 4 என்ற மரபணுவை வெளிப்படுத்தினார்கள். அதன் மூலத்தைத் தேடிப் போனால் டி.கே.எம். 6 வந்து நிற்கிறது.

அம்மரபணுவைத் தாங்கிய ஐ.ஆர். 36 என்ற ரகம் 1980களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று. ஓர் எதிர்ப்புச் சக்தியையே இத்தனை பரப்பில் நம்பினால் கிருமியும் மாறத்தானே செய்யும்? பல நாடுகளில் அதை மீறும் கிருமி வகைகள் தோன்றின. மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து எக்ஸ்.ஏ. 21 என்ற வேறொரு மரபணுவைக் குஷ் பயிர் நெல்லுக்கு மாற்றித் தந்தார். 1995இல் விஞ்ஞானி பமேலா ரொனால்டின் ஆய்வுக்கூடத்தில் அதன் டி.என்.ஏ. எழுத்துகள் வாசிக்கப்பட்டன.

2005இல் பத்து நாடுகள் கூடி நெல்லின் ஜீனோம் முழுவதையும் வரிசைப்படுத்தி வெளியிட்டபோது, பாரதத்தின் பங்காக வந்தது 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி. எக்ஸ்.ஏ. 4, எக்ஸ்.ஏ. 21 ஆகிய இரண்டும் இருப்பது அதே குரோமோசோமில்தான். முடிவில் 2017இல் சீனாவின் வூஹான் நகர விஞ்ஞானிகள் எக்ஸ்.ஏ. 4 செய்யும் காரியத்தை விளக்கினார்கள்: செல்லின் சுவரில் செல்லுலோஸ் மிகுதியாகப் படியும்படி செய்து அதை அது திடப்படுத்துகிறது, அதனால் கிருமிக்குத் தடை உண்டாவதோடு தாளும் வலுவாகிறது. பாவுக்கு ஊட்டிய கஞ்சி பட்டிழையை விறைப்பாக்கித் தறியின் அடியைத் தாங்கச் செய்வதைக் கண்ட காஞ்சி மக்களுக்கு இதை விளங்கிக்கொள்வதில் சிரமமிராது.

1996இல் குஷ்ஷுக்கும் அவரைப் போன்றே நெல் விஞ்ஞானியான ஹென்றி பீச்செலுக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது, முற்றும் தகுதியானதே. டி.கே.எம். 6ஐப் பயிரிட்டுத் தெரிந்தெடுத்த திரூர்க்குப்பத்தாரின் பெயரோ அதிகம் பேசப்படுவதில்லை. தொண்டை மண்டலத்தின் சரித்திரத்தை எழுத முற்படும் அன்பர்கள், கோபுரங்களுக்கும் சேலைகளுக்கும் அளித்த பக்கங்களோடு இந்த நெல்லுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.