தூத்துக்குடியில் முதல் போட்டது யார்?

2025 ஆகஸ்ட் 4-ம் தேதி தூத்துக்குடி சிப்காட்டுல வியட்நாம்காரங்களோட வின்பாஸ்ட் கார் ஆலை திறந்தாங்க. அதுக்கு ஒன்பது நாள் முன்னாடி, ஜூலை 26-ல, வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் புது முனையம். அதுக்கும் முன்னாடி 2024 பிப்ரவரியில குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல். நாசரேத் பஜார்ல டீக்கடையில நின்னா பேச்சு முழுக்க இதுதான். "நம்ம ஏரியா எங்கேயோ போகப் போகுது, அண்ணாச்சி!"

போகட்டும், சந்தோஷம்தான். ஆனா சரித்திரம் படிக்கிற கிறுக்கு உள்ளவனுக்கு இந்த மாதிரி நேரத்துல வேற ஒரு கேள்விதான் வரும். இந்தக் கடற்கரைக்கு இதுக்கு முன்னாடியும் பலபேர் முதல் போட வந்திருக்காங்க. யார் போட்டாங்க? லாபம் எங்க போச்சு? நம்ம ஆளுக்கு என்ன மிஞ்சுச்சு? இதை ஒரு பதிவா எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல முத்து. முத்துக்குளிப்புக்கு முதலே வேண்டாம், கடல் சும்மா கொடுக்குதுன்னு தோணும். ஆனா பாண்டியர் காலத்துல இருந்தே அது ஆளுறவன் சொத்து. 1530-கள்ல போர்த்துக்கீசியர், 1658-ல டச்சுக்காரர், அப்புறம் வெள்ளைக்காரன்னு கை மாறிக்கிட்டே இருந்துச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில கணக்கு இப்படி: மூச்சைப் பிடிச்சு அடியில போய் சிப்பி அள்ளினவனுக்கு மூணுல ஒரு பங்கு, கரையில உக்காந்திருந்த சர்க்காருக்கு ரெண்டு பங்கு. சர்க்கார் தன் பங்கைக் கரையிலேயே குவியல் குவியலா ஏலம் விட்டுடும். 1961-க்கு அப்புறம் முத்துக்குளிப்பே நடக்கல. இத்தனை நூற்றாண்டு அள்ளியும், அந்த முத்துக் காசு இங்க ஒரு தொழிலாவோ கம்பெனியாவோ வேர் பிடிச்சதா என்னால சொல்ல முடியல.

அடுத்து பஞ்சு. 1876-ல தூத்துக்குடிக்கு ரயில் வந்துச்சு. கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியா வந்து இறங்குச்சு. அந்தப் பத்தாண்டு தாண்டினதும் ஹார்வி சகோதரர்கள் வந்தாங்க. பாபநாசத்துல அருவித் தண்ணிய வச்சு ஒரு மில், தூத்துக்குடியில கோரல் மில், அப்புறம் மதுரையில ஒரு மில். பருத்தி நம்மது, ஆள் நம்மாளு, தண்ணி தாமிரபரணி. முதலும் லாபமும் மட்டும் அவங்களுது. ஆனா ஹார்வி மில் வந்ததுல இந்த ஊருக்கு ஒண்ணு கிடைச்சுது, மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்குற தொழிலாளி. அந்தத் தொழிலாளிதான் 1908 பிப்ரவரி 27-ல கோரல் மில்ல வேலைநிறுத்தம் பண்ணினான். கூலி உயர்வும் ஞாயித்துக்கிழமை லீவும் வேணும்னு கேட்டான். பின்னால நின்னவர் வ.உ.சி. ஊரே சேர்ந்து அவங்களுக்குச் சோறு போட்டுச்சு. பத்து நாளைக்குள்ள நிர்வாகம் இறங்கி வந்துச்சு.

வ.உ.சி.ன்னதும் எல்லாருக்கும் செக்குதான் ஞாபகம் வரும். எனக்கு அவரோட கணக்குப் புத்தகம்தான் ஞாபகம் வரும் :-) 1906 அக்டோபர் 16-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியப் பதிவு பண்ணினாங்க. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. இதை நல்லா கவனிங்க. நாலு ஜமீன்தார்கிட்ட ஆளுக்கு ரெண்டரை லட்சம் வாங்கி வேலைய முடிச்சிருக்கலாம். அப்படிப் பண்ணாம, பங்கை 25 ரூபாய்க்கு வச்சார். சாமானிய வியாபாரியும் முதலாளி ஆகணும்ங்கறதுதான் அதுல உள்ள யோசனை. தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தர் மட்டும் 8,000 பங்கு வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய், மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு.

வாடகைக் கப்பலை வச்சு ஆரம்பிச்சாங்க. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கடி கொடுத்து அந்தக் கப்பலைப் பிடுங்க வச்சுது. வ.உ.சி. பம்பாய் போனார், கப்பல் இல்லாம திரும்ப மாட்டேன்னு சபதம். 1907-ல எஸ்.எஸ். காலியோ, எஸ்.எஸ். லாவோன்னு ரெண்டு சொந்தக் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடுச்சு. எதிராளி டிக்கெட் விலையக் குறைச்சுக் குறைச்சு, கடைசியில இலவசம்னும் சொல்லி, ஏறுறவனுக்குக் குடையும் கொடுத்தான்னு சொல்வாங்க. இன்னைக்கும் சந்தையப் பிடிக்க பெரிய கம்பெனிகள் பண்றது இதேதானே!

1908 மார்ச் 12-ல வ.உ.சி. கைது. 1911-ல கம்பெனி கலைஞ்சு போச்சு. காலியோ கப்பல் கடைசியில எந்தக் கம்பெனிக்கு எதிரா ஓடுச்சோ அதே கம்பெனி கைக்குப் போச்சு. 1912 டிசம்பர்ல அவர் சிறையில இருந்து வெளிய வந்தப்ப கம்பெனியும் இல்ல, கப்பலும் இல்ல. படிக்கிறப்ப எல்லாம் நெஞ்சு அடைக்கிற இடம் இது. முதல் திரட்டத் தெரிஞ்சுது, தொழில் நடத்தவும் தெரிஞ்சுது. நஷ்டம் வர்ற காலத்துல தாக்குப்பிடிக்க, பின்னால நின்னு கடன் கொடுக்க நமக்குன்னு ஒரு பேங்க் இல்ல. அரசாங்கமும் எதிராளி பக்கம்.

அந்தப் பாடத்தைப் படிச்சுதான் பண்ணினாங்களான்னு தெரியாது, ஆனா பத்து வருஷத்துல அந்தக் குறை தீர ஒரு வழி பிறந்துச்சு. 1920-ல நாடார் மகாஜன சங்க மாநாட்டுல பேங்க் தொடங்கணும்னு தீர்மானம். 1921 மே 11-ல பதிவு, நவம்பர் 11-ல தூத்துக்குடியில கதவு திறந்துச்சு. பேரு நாடார் பேங்க். இதுக்குப் பின்னால இருந்த பழக்கம் மகமை. ஒவ்வொரு வியாபாரியும் தன் சரக்குக்கு இவ்வளவுன்னு பொதுநிதிக்கு எடுத்து வைக்கிறது. அதுல பள்ளிக்கூடம், கிணறு, மடம் எல்லாம் வந்துச்சு. சேர்த்துப் போட்டுப் பழகின கைக்கு பேங்க் ஒண்ணும் பெரிய தாவல் இல்ல. 1937-ல கொழும்புல கூட ஒரு கிளை திறந்தாங்க, ரெண்டு வருஷத்துல மூடிட்டாங்க. 1962 நவம்பர்ல பேரு தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்னு மாறுச்சு. 1990-கள்ல இந்த பேங்கோட பங்குல பெரும்பகுதி வடக்கத்தி கம்பெனி கைக்குப் போயி, அதை மீட்கணும்னு ஊர் ஊராக் காசு திரட்டினது தனிக்கதை. 2022 செப்டம்பர்ல பொதுப்பங்கு வெளியிட்டு, பங்கு 510 ரூபாய்க்கு, சுமார் 808 கோடி திரட்டினாங்க. தலைமை அலுவலகம் இன்னைக்கும் தூத்துக்குடியிலதான். கப்பல் கம்பெனி அஞ்சு வருஷத்துல முடிஞ்சுது, பேங்க் நூறு வருஷம் தாண்டிருச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் முதல் போட்டது பெரும்பாலும் அரசாங்கம். பழைய துறைமுகத்துல ஆழம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், தோணியிலதான் சரக்கு ஏத்தி இறக்கணும். ஆழ்கடல் துறைமுகம் கட்டி, 1974 ஜூலை 11-ல இந்தியாவோட பத்தாவது பெரிய துறைமுகம்னு அறிவிச்சாங்க. 2011-ல அதுக்கு வ.உ.சி. பேரு வச்சாங்க. கப்பல் விட்டு நொடிச்சுப்போன மனுஷன் பேர்ல இன்னைக்கு வருஷத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல சரக்கு போய் வருது. 1970-கள்ல ஸ்பிக் உர ஆலையும் அனல்மின் நிலையமும் வந்துச்சு. 1996-ல ஸ்டெர்லைட் வந்துச்சு. ரத்னகிரி ஜனங்க வேணாம்னு துரத்தின ஆலை அது. 2018 மே 22 நம்ம எல்லாருக்கும் தெரியும். 13 உயிர். முதலீடுங்கற வார்த்தையக் கேட்டாலே தூத்துக்குடியில பாதிப்பேருக்கு இன்னைக்கும் வயித்தைப் பிசையுதுன்னா, காரணம் அந்த நாள்தான்.

சரி, இதுல நாசரேத் எங்க வருது? அங்கதான் என் வருத்தமே இருக்கு.

1876-ல இங்க வந்தவர் கனோன் மர்காஷிஸ். ஊர்க்காரங்களுக்கு மர்காஷிஸ் ஐயர். அந்த நேரம்தான் தாது வருஷப் பஞ்சம். அனாதையா நின்ன பிள்ளைகளைச் சேர்த்து வச்சார். சோறு போட்டா மட்டும் போதாதுன்னு 1878-ல ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல் தொடங்கினார். தச்சு, கொல்லுப்பட்டறை, தையல், நெசவு. பருத்தி வாங்க வந்த வெள்ளைக்காரன் மில் கட்டுறதுக்கு முன்னாலேயே, இந்தத் தேரிக்காட்டு ஓரத்துல ஒருத்தர் பிள்ளைங்க கையில முதலைப் போட்டிருக்கார். 1908-ல, கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்த அதே வருஷம், அவர் இறந்தார்.

அவர் போட்ட முதல் வீண்போகல. நாசரேத் பிள்ளைங்க டீச்சரா, நர்ஸா, பிட்டரா, கிளார்க்கா உலகம் முழுக்கப் போனாங்க. பிரச்சினையே அந்தப் ‘போனாங்க’தான். படிக்க வைக்கிற ஊரா இருந்துச்சு, வேலை கொடுக்குற ஊரா ஆகல. அந்தக் குறையத் தீர்க்க வந்தது கூட்டுறவு நூற்பாலை. அதுவும் மூடிக்கிடக்கு. தேர்தலுக்குத் தேர்தல் திறப்போம்ங்கற பேச்சு மட்டும் திறந்தே இருக்கு.

இங்க ஸ்வீடன் கதை ஒண்ணு சொல்றேன், சம்பந்தம் இருக்கு. அங்க கோதன்பர்க்னு ஒரு துறைமுக நகரம். 1907-ல, நம்ம காலியோ ஓட ஆரம்பிச்ச அதே வருஷம், எஸ்.கே.எஃப். பேரிங் கம்பெனி அங்க ஆரம்பிச்சுது. அந்தக் கம்பெனி லாபத்துல இருந்து காசு போட்டுத்தான் 1927-ல வோல்வோ கார் வந்துச்சு. ஊர்ல பிறந்த முதல், அதே ஊர்ல அடுத்த தொழிலைப் பெத்துச்சு. வ.உ.சி. கம்பெனி பிழைச்சிருந்தா நமக்கும் அப்படி ஒண்ணு நடந்திருக்குமோன்னு தோணாம இருக்காது. 1970-கள்ல இருந்து அவங்க கப்பல் கட்டுற தொழில் ஒவ்வொண்ணா படுத்துச்சு. 2010-ல வோல்வோ கார் சீனாக்காரன் கைக்கே போச்சு. ஆனாலும் ஊர் படுக்கல, வளர்ந்துகிட்டே இருக்கு. காரணம் பல இருக்கலாம். எனக்குப் பிடிச்சது ஒண்ணு: சுத்தி உள்ள 13 நகராட்சிகளும் ஒரே வட்டாரமா உக்காந்து திட்டம் போடுறாங்க. கோதன்பர்க்குல இருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர்ல ஆலிங்சோஸ்னு ஒரு சின்ன ஊர். 1724-ல நெசவாலை வந்த ஊர் அது. அந்தக் காலமெல்லாம் போயாச்சு. ஆனா காலையில லோக்கல் டிரெயின் ஏறி நகரத்துல வேலை பார்த்துட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

நாசரேத்துக்கும் தூத்துக்குடிக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் மக்களே! ஆனா நம்ம ரயில் தூத்துக்குடிக்குப் போகாது. 1923-ல திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை போட்டப்ப எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1986 அக்டோபர் 20-ல மாவட்டம் பிரிஞ்சுது. கலெக்டர் ஆபீஸ் மாறுச்சு, தண்டவாளம் மாறல. இன்னைக்கும் நாசரேத்துல ரயில் ஏறி தூத்துக்குடி போகணும்னா நெல்லைய சுத்திக்கிட்டுத்தான் போகணும். மூக்கைச் சுத்தித் தொடுற கதை. கார் ஆலைக்கு விமானம் இறங்குது, கன்டெய்னருக்கு நாலுவழிச் சாலை இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி வீடு திரும்பணும்னா நம்ம பையனுக்கு வழி என்ன?

இன்னொண்ணு தண்ணி. தூத்துக்குடி ஆலைகளுக்கு ஸ்ரீவைகுண்டம் அணையில இருந்து 20 எம்.ஜி.டி. திட்டத்துல தண்ணி போச்சு. நாளைக்கு 2 கோடி கேலன், லிட்டர்ல சொன்னா சுமார் 9 கோடி. அதே அணையோட தென்கால் தண்ணியத்தான் கடம்பாகுளமும் அதை நம்பின வயலும் எதிர்பார்த்துக் கிடக்கு. அப்போ நம்ம வட்டாரமும் இந்த வளர்ச்சிக்கு முதல் போட்டிருக்கு. தண்ணியாப் போட்டிருக்கு, படிச்ச பிள்ளைங்களாப் போட்டிருக்கு. பங்குப் பத்திரம் மட்டும் யாரும் எழுதித் தரல.

வின்பாஸ்ட் வேண்டாம்னு நான் சொல்லல. முதல் கட்டமா வருஷத்துக்கு 50,000 கார், 3,000-த்துக்கு மேல வேலைன்னு சொல்றாங்க, வரட்டும். அறைகலன் பூங்காவுக்கு 2022 மார்ச்ல அடிக்கல் போட்டாங்க. 1878-ல இருந்து தச்சு சொல்லிக் கொடுக்குற ஊர் பக்கத்துலேயே இருக்குன்னு அங்க வர்ற கம்பெனிக்கு யாராவது சொல்லணும். ஐ.டி.ஐ. பிள்ளைங்களுக்கு அங்க பயிற்சி, ஷிப்ட் நேரத்துக்குப் பஸ், ஆலைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தனித் தண்ணி. இந்த மூணும் கேட்கிறது பேராசை இல்ல.

முத்துல மூணுல ஒரு பங்கு கிடைச்சுது. மில்லுல சண்டை போட்டு ஞாயித்துக்கிழமை கிடைச்சுது. பேங்க்ல காசு சேர்த்துப் போட்டவங்களுக்குப் பங்கே கிடைச்சுது. கேட்டவங்களுக்கும் சேர்ந்தவங்களுக்கும்தான் இந்தக் கடற்கரை ஏதாவது கொடுத்திருக்கு. சும்மா காத்திருந்தவனுக்குக் கொடுத்ததா நான் படிச்ச வரைக்கும் எங்கேயும் இல்ல.

திருச்செந்தூர், ஏரல், சாத்தான்குளம் பக்கத்து நண்பர்கள் உங்க ஊர்ல யார் முதல் போட்டாங்க, என்ன மிஞ்சுச்சுன்னு எழுதுங்க. எல்லாத்தையும் சேர்த்தா ஒரு நல்ல கணக்கு தேறும்.