லத்வியாவின் பாட்டு அலுமாரி

பால்டிக் கடலோரத்திலே லத்வியா என்றொரு சிறிய நாடு உண்டு. இருபது இலட்சத்துக்கும் குறைவான மக்களே அங்கு வாழ்கின்றனர். அதன் தலைநகரான ரீகாவிலுள்ள தேசிய நூலகத்தில் பழைய மர அலுமாரி ஒன்றைப் பேணி வைத்திருக்கிறார்கள். அதிலே எழுபது இலாச்சிகள். ஒவ்வோர் இலாச்சியும் இருபது சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அறைகளுக்குள்ளே விரலளவு அகலமான துண்டுச் சீட்டுகள். சீட்டு ஒன்றுக்கு ஒரு பாட்டு. எல்லாமாக ஏறத்தாழ 268,000 சீட்டுகள்! பொன்னும் மணியும் அங்கில்லை. வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் பாடுபட்ட மக்களின் பாட்டுகளே உள்ளன. யுனெஸ்கோ நிறுவனம் 2001ஆம் ஆண்டில் இவ்வலுமாரியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு பாட்டுகளையும் பாடியவர்கள் யார்? பதின்மூன்றாம் நூற்றாண்டிலே ஜேர்மன் வீரர்கள் அந்நாட்டைக் கைப்பற்றிய நாள் முதலாக நிலம் அந்நியருக்கும் உழைப்பு லத்வியருக்கும் என்றாயிற்று. போலந்து, சுவீடன், ரஷ்யா என்று ஆட்சிகள் மாறின. பண்ணை முதலாளி மாறவில்லை. குடியானவர்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாகவே இருந்தனர். நாட்டின் பெரும்பகுதியில் 1817, 1819ஆம் ஆண்டுகளில்தான் அவ்வடிமை முறை ஒழிந்தது. கிழக்கே இலட்கலேயில் 1861 வரை நீடித்தது. விடுதலைக்குப் பின்னரே அவர்களுட் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர்கூடக் கிடைத்தது. அப்படிப்பட்டவர்கள் தங்களுக்கென வைத்திருந்த ஒரே செல்வம் 'தைனா' எனப்படும் நாட்டார் பாடல்.

தைனா மிகச் சிறியது. பெரும்பாலும் நான்கே அடிகள். முதலிரண்டு அடிகளில் ஒரு மரமோ பறவையோ ஆறோ வரும். அடுத்த இரண்டு அடிகளில் மனிதர் வருவர். இரண்டுக்கும் உள்ள உறவைப் பாட்டு விளக்கிச் சொல்லாது. கேட்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். உள்ளுறை படித்த நம் நேயர்களுக்கு இதன் நயத்தை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. நமக்குக் கதிரவன் ஆண். அவர்களுக்கோ சூரியன் ஒரு பெண். தாயற்ற பிள்ளைகளுக்கு அவளே தாயாகி வெதுவெதுப்புத் தருகின்றாள். அநாதைப் பெண்ணைப் பற்றிய தைனாக்கள் ஏராளம். பாடியவர்களுட் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது.

இப்பாட்டுகளின் அருமையை முதலில் கண்டுகொண்ட வெளியார்களுள் ஒருவர் ஜேர்மன் அறிஞர் ஹேர்டர். இவர் 1764 முதல் 1769 வரை ரீகாவிலே ஆசிரியராகப் பணிபுரிந்தவர். பின்னர் 1778, 1779இல் அவர் வெளியிட்ட பல்வேறு இனத்தாரின் பாடற் றொகுப்பிலே லத்தியப் பாடல்களும் இடம்பெற்றன. ஆனால் அலுமாரியை ஆக்கியவர் அம்மண்ணின் மைந்தரான கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் (1835 - 1923). கணிதமும் வானியலும் கற்றவர், பத்திரிகையாளர், மொஸ்கோவில் ஒரு குடும்பத்தின் வீட்டாசிரியராகக் காலந் தள்ளியவர். பிரீவ்சிம்னியெக்ஸ் என்ற அறிஞர் தொடங்கியிருந்த தொகுப்பு வேலையை 1878இல் இவர் பொறுப்பேற்றார். கிராமத்து ஆசிரியர்களும் மாணவர்களும் விவசாயிகளுமாக நூற்றுக்கணக்கானோர் பாட்டுகளை எழுதி அஞ்சலில் அனுப்பினர். மலைபோற் குவிந்தவற்றை வகைப்படுத்துவதற்காக 1880இல் மொஸ்கோத் தச்சரைக் கொண்டு இந்த அலுமாரியைச் செய்வித்தார். 1893இல் ஊர் திரும்பியபோது அதுவும் அவரோடு ரீகா வந்தது. 1894 தொடக்கம் 1915 வரை 'லத்விய தைனாக்கள்' ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றில் அடங்கிய பாடல்கள் 217,996.

எண்ணிக்கையைவிட அவர் பாட்டுகளை அடுக்கிய முறையே என்னைப் பெரிதும் கவர்கின்றது. ஊர் வாரியாகவோ அகர வரிசையிலோ அவர் அடுக்கவில்லை. பிறப்பு, குழந்தைப் பருவம், இளமை, திருமணம், முதுமை, இறப்பு என்று மனித வாழ்வின் வழியே அடுக்கினார். ஆகவே தொகுதிகளை வரிசையாகப் படிப்பவர் பெயரில்லாத ஒரு குடியானவப் பெண்ணின் முழு வாழ்க்கையையும் படித்து முடிக்கிறார். கொச்சையான பாடல்களையும் அவர் எறிந்துவிடவில்லை. இறுதித் தொகுதியிலே தனியே வைத்தார். நம்மிடையே பல தொகுப்பாளர்க்கு வாய்க்காத நேர்மை இது.

ஒரு குறையும் உண்டு. சீட்டில் சொல் இருக்கிறது, இசை இல்லை. கொக்லே என்னும் நரம்புக் கருவியை மடியில் வைத்து மீட்டிப் பாடிய பாட்டுக்கு மெட்டில்லாவிட்டால் பாதி உயிர் போய்விடுமல்லவா? நல்ல வேளையாக அந்திரேய்ஸ் யூர்யான்ஸ் என்ற இசையறிஞர் அதே காலத்தில் மெட்டுகளைத் தேடித் தொகுத்தார். எனினும் இரண்டும் வெவ்வேறு நூல்களாகிவிட்டன.

பாட்டும் கைவினையும் அம்மக்களிடம் பிரிந்திருக்கவில்லை. பெண் பிள்ளைகள் சிறு வயதிலேயே கையுறை பின்னத் தொடங்குவர். இது பெருவிரலுக்கு மட்டும் தனியிடம் விட்டு, மற்றை விரல்களை ஒன்றாக மூடும் கம்பளிக் கையுறை. சூரியன், விண்மீன், சிலுவை முதலான கோலங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். மணப்பெண்ணின் சீதனப் பெட்டகம் இக்கையுறைகளால் நிறைந்திருக்கும். சில இடங்களில் நூறு சோடிக்கு மேல்! திருமணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவருக்கும் அவள் அவற்றைப் பரிசளிப்பாள். புகுந்த வீட்டின் அடுப்படியிலும் தொழுவத்திலும்கூட ஒரு சோடி வைப்பாள். சீதனம் என்றதும் காணியும் காசும் நினைவுக்கு வரும் நமக்கு, தன் கையால் தானே செய்த சீதனம் புதுமையாகத் தோன்றலாம். திருமணப் பந்தியில் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கேலி செய்து எதிர்ப்பாட்டுப் பாடுவதும் உண்டு. பின்னத் தெரியாத சோம்பேறிப் பெண்ணுக்கு அங்கே தப்ப வழியில்லை. 2006இல் ரீகாவில் நேட்டோ மாநாடு நடந்தபோது வந்த விருந்தினருக்கு 4,500 சோடி கையுறைகளைப் பின்னிக் கொடுத்தார்களாம். படைத்தலைவர்களுக்குப் பாட்டிமாரின் கைவேலை!

முதலாவது பாட்டு விழா 1873இல் ரீகாவிலே நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் பாடகர்கள் கூடினர். 1918இல் நாடு விடுதலை பெற்றது. 1940இல் சோவியத் ஒன்றியம் அதை விழுங்கியது. விழா தொடர்ந்தது, ஆனால் என்ன பாடுவது என்பதை அதிகாரிகள் தீர்மானித்தனர். ஓக் இலை மாலை சூடி, தீ வளர்த்து, 'லீகோ' என்று பல்லவி பாடி விடிய விடியக் கொண்டாடும் யூன் மாத நடுக்கோடை விழா 1959க்குப் பின் பொது விடுமுறையாகக்கூட இல்லாமற் போயிற்று. மக்கள் வீடுகளுக்குள்ளே கொண்டாடினர்.

1985ஆம் ஆண்டுப் பாட்டு விழாவிலே நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 'ஒளியின் கோட்டை' என்பது யாசெப்ஸ் வீதொல்ஸ் 1899இல் இசையமைத்த பாடல். அமிழ்ந்துபோன கோட்டையொன்று அதன் பெயரைச் சொல்வார் வந்ததும் மீண்டும் எழும் என்ற கதையைக் கொண்டது. அதனுட்பொருள் அதிகாரிகளுக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது. நிகழ்ச்சி நிரலிலிருந்து அதை நீக்கிவிட்டனர். ஆனால் பாடகர்களும் மக்களும் விடவில்லை. ஹரல்ட்ஸ் மெட்னிஸ் என்ற முதிய இசை நடத்துநரை அழைத்து, அவர் கையசைக்க, அப்பாடலைப் பாடியே தீர்த்தனர். நான்கு ஆண்டுகளின் பின், 1989 ஓகஸ்ட் 23இல், மூன்று பால்டிக் நாடுகளின் மக்களும் சுமார் 600 கிலோமீற்றர் தூரத்துக்குக் கைகோத்து நின்றனர். 1991இல் லத்வியா மீண்டும் சுதந்திர நாடானது.

புதிய தேசிய நூலகத்துக்கு அவர்கள் சூட்டிய பெயரும் 'ஒளியின் கோட்டை'தான். அது 2014இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு சனவரியில், கடுங்குளிரில், ஏறத்தாழ 14,000 பேர் பழைய நூலகத்திலிருந்து புதியது வரை இரண்டு கிலோமீற்றர் தூரம் வரிசையாக நின்று நூல்களைக் கைமாற்றிக் கொடுத்தனர். பரோன்ஸின் அலுமாரியும் இப்போது அங்கேதான் இருக்கிறது.