பன்னிரண்டாவது ஆளு

டிஸ்கி: பேஸ்பால்ல ஆரம்பிச்சு, செஞ்சிக்கோட்டைல ஏறி இறங்கி, சேப்பாக்கம் வரைக்கும் போற பதிவு. மூச்சு வாங்குனா நான் பொறுப்பில்லை :-)

சித்தப்பா பையன் அமெரிக்காவுல இருக்கான். முன்னெல்லாம் போன் பண்ணினா ஊர்ல மழை பேஞ்சுதா, ஏரி ரொம்புச்சான்னு கேப்பான். இப்ப பேஸ்பால். அதுவும் ஆட்டம் நடக்குற மாசத்துல இல்ல, அங்க பனி கொட்டுற மாசத்துல! வர்ற சீசனுக்கு அவன் டீம்ல யாரை வெச்சுக்குறாங்க, யாரைக் கழட்டி விடுறாங்கன்னு அரை மணி நேரம். மொத்தம் 40 பேர் ஒப்பந்தத்துல இருப்பாங்களாம். அதுல 26 பேர் தினமும் கூடவே வருவாங்களாம். களத்துல நிக்கிறது ஒன்பதே பேர்.

"மிச்ச பேர் என்னடா பண்ணுவாங்க?"

"உக்காந்துதாண்ணா இருப்பாங்க. ஆனா வருஷத்துக்கு 162 மேட்ச். பெஞ்சு சரியில்லன்னா பாதி சீசன்லயே டீம் படுத்துரும்."

சொல்லிட்டு அவன் வெச்சுட்டான். எனக்குத்தான் தூக்கம் வரல. ஏன்னா நானும் மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்தவன்.

எங்க டீமுக்குப் பெஞ்சுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. புளியமரத்து வேர் ஒண்ணு தரைக்கு மேல தூக்கிட்டு இருக்கும், அதான். தொண்ணூறுகளோட கடைசி. டென்னிஸ் பால் டோர்னமெண்ட், எண்ட்ரி ஃபீஸ் ஆளுக்குப் பத்து ரூபா. பதினோரு பேரு ஆடுவாங்க, பன்னிரண்டாவது நான். 'எக்ஸ்ட்ரா'ன்னு கூப்புடுவாங்க. ரன்னுல வர்ற எக்ஸ்ட்ரா மாதிரியே, இருந்தா சரி, இல்லாட்டியும் சரி. குடத்துல தண்ணி கொண்டு வரது, முள்ளுச்செடிக்குள்ள போன பந்தை எடுக்குறது, ஸ்கோர் நோட்டு எழுதுறது, மூணும் என் டிபார்ட்மெண்ட். பத்து ரூபா மட்டும் எனக்கும் உண்டு. அதுல தள்ளுபடியெல்லாம் கிடையாது.

அந்த வேர்ல உக்காந்தா எதிர்ல ராஜகிரி தெரியும். ஸ்கோர் எழுதாத நேரமெல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.

செஞ்சின்னாலே எல்லாருக்கும் தேசிங்குராஜன்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மாட்டேன்னு சொல்லி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய படைக்கு எதிரா சில நூறு குதிரைகளோட போய், 1714ல செத்துப்போன இளைஞன். கூட நின்னது உயிர் நண்பன் மோவுத்துக்காரன். கதைப்பாட்டுல கேட்டா இன்னைக்கும் எங்க ஊர்ல கண்ணு கலங்கும். எனக்கும் கலங்கும். ஆனா வேர்ல உக்காந்திருக்கவனோட புத்தியில யோசிச்சா ஒண்ணு உறுத்தும். அந்த அணியில பெஞ்சே கிடையாது. ராஜா விழுந்தா எடுத்து நடத்த ஆள் இல்ல. ஒரே சண்டை, முடிஞ்சுபோச்சு.

அதே கோட்டைல அதுக்கு 25 வருஷம் முன்னாடி நடந்தது வேற கதை. அதுக்குப் பாட்டு இல்ல, அதனால நம்ம மக்கள் அதிகம் பேசறதில்ல. 1689 மார்ச்சில் சத்ரபதி சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட்டார். அதே ஆண்டு தலைநகர் ராய்கட் விழுந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் சின்னப் பையன் சாஹுவும் மொகலாயரிடம் சிறைப்பட்டார்கள். கிரிக்கெட் பாஷையில சொன்னா டாப் ஆர்டர் காலி. மிச்சம் இருந்தது சம்பாஜியின் தம்பி ராஜாராம், 19 வயசு. அவர் மாறுவேஷத்தில் தப்பி, 1689 கடைசியில் வந்து சேர்ந்த இடம் செஞ்சி. 1677ல் அப்பா சிவாஜி பிடித்து வைத்துவிட்டுப் போன கோட்டை. சிவாஜி அன்னைக்கு அதைப் பிடிக்காம விட்டிருந்தா, இந்தப் பையன் ஓடி வர ஒரு இடம் இருந்திருக்காது.

வந்தவர் சும்மா ஒளிஞ்சுக்கல. எட்டு மந்திரிகள் கொண்ட சபையை இங்கேயே புதுசா அமைச்சார். பிரதிநிதின்னு இல்லாத பதவி ஒண்ணை உண்டாக்கி, பிரஹ்லாத் நிராஜியை அதுல உக்கார வெச்சார். மகாராஷ்டிரத்தை ராமச்சந்திர பந்த் கையில விட்டுட்டு வந்திருந்தார். ராஜா இங்க, நிர்வாகம் அங்க. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், நல்ல ஆட்டக்காரங்க எல்லாரையும் அவர் கோட்டைக்குள்ள அடைச்சு வெச்சுக்கலைங்கறதுதான். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ரெண்டு பேரும் வெளியில திரிஞ்சாங்க. ஜுல்பிகர் கான் 1690ல் முற்றுகையைத் தொடங்கினார். 1692 டிசம்பரில் அந்த ரெண்டு பேரும் படையோட இந்தப் பக்கம் வந்து இறங்க, முற்றுகை போட வந்தவங்களே முற்றுகையில மாட்டிக்கிட்டாங்க. காஞ்சிபுரத்து பவுஜ்தார் அலி மர்தான் கானை சந்தாஜி பிடிச்சே வெச்சுக்கிட்டார். கோட்டை கடைசியில 1698ல விழுந்தது உண்மைதான். ஆனா அதுக்குள்ள ராஜாராம் வெளியேறிட்டார். எட்டு வருஷம்! 2025 ஜூலையில யுனெஸ்கோ பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்போ, தமிழ்நாட்டுல இருந்து இடம் பிடிச்சது எங்க செஞ்சி மட்டும்தான். பன்னிரண்டுல ஒண்ணு. எனக்கு அந்த நம்பர் ராசி போல :-)

சரி, சேப்பாக்கத்துக்கு வருவோம்.

2008 பிப்ரவரி 20, மும்பையில முதல் ஐபிஎல் ஏலம். சென்னை அணிக்காக ஆள் எடுத்தவர் வி.பி. சந்திரசேகர். 1987-88ல் ரஞ்சி ஜெயிச்ச தமிழ்நாட்டு அணியோட தொடக்க ஆட்டக்காரர், இந்தியாவுக்கு 7 ஒருநாள் ஆடினவர், பிறகு தேசியத் தேர்வாளர். 2019ல போய்ச் சேர்ந்துட்டார், பாவம். அன்னைக்கு தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதுல இருந்த கணக்கு நிறையப் பேர் கவனிக்காதது. மும்பைக்கு சச்சின், பெங்களூருக்கு திராவிட்னு 'ஐகான்' வீரர்கள் இருந்தாங்க. ஏலத்துல எடுக்குற அதிக விலை ஆளை விட ஐகானுக்கு 15 சதவீதம் கூடக் குடுக்கணும்னு விதி. செலவு வரம்போ 50 லட்சம். தோனியை 15க்கு எடுத்தா சச்சினுக்கு 17.25, ரெண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல. மிச்சத்துல பெஞ்சு எங்கேருந்து வரும்? சென்னைக்கு ஐகான் இல்ல. அதை அப்ப நாம குறைன்னு நினைச்சோம்.

ஆனா வி.பி. எடுத்ததுல எனக்குப் பெருசாத் தெரியறது தோனி இல்ல. ஹெய்டன், ஹஸ்ஸி ரெண்டு பேரையும் எடுத்தார். ஆஸ்திரேலியா வெஸ்ட் இண்டீஸ் போகுது, இவங்க பாதியில கிளம்பிடுவாங்க, இது முன்கூட்டியே தெரிஞ்சது. நியூசிலாந்து இங்கிலாந்து போறதால ஓரமும் அப்படித்தான். இவங்க போனப்புறம் யாரு? அதுக்குத்தான் ஃப்ளெமிங், பார்த்திவ் படேல், கபுகெதரா. அதோட நம்ம பையங்க வித்யுத், பத்ரிநாத், பாலாஜி, பழனி அமர்நாத்.

நடந்ததும் அதே. ஏப்ரல் 19 மொஹாலியில ஹஸ்ஸி 54 பந்துல 116, ஸ்கோர் 240. வரிசையா நாலு மேட்ச் நாலு வெற்றி. கடைத்தெரு டீக்கடையில நாங்க கப்பையே தூக்கிட்டோம். அப்புறம் வெள்ளைக்காரங்க பெட்டியைக் கட்டினாங்க. மூணு மேட்ச் வரிசையா தோல்வி. "அவ்ளோதான்டா"ன்னு பாதிப் பேர் டீக்கடைக்கே வரல.

அப்பதான் பெஞ்சு எந்திரிச்சுது. பார்த்திவும் வித்யுத்தும் ஓப்பனிங். முதுகு வலியில இந்திய அணிக்கு வெளியே போன பாலாஜி, மே 10 சேப்பாக்கத்துல பஞ்சாபுக்கு எதிரா ஹாட்ரிக், ஐபிஎல்லோட முதல் ஹாட்ரிக். ஏலத்தப்போ யாருக்கும் தெரியாத மன்பிரீத் கோனிக்கு சீசன்ல 17 விக்கெட். ஜூன் 1 இறுதிப் போட்டி வரைக்கும் போய், ராஜஸ்தான்கிட்ட கடைசிப் பந்துல தோத்தோம். பந்து போட்டது அதே பாலாஜி. அன்னைக்கு எங்க வீட்ல யாரும் சாப்பிடல.

இதுல இன்னொருத்தரும் இருந்தார். அந்த சீசன் முழுக்க ஒரு மேட்ச் ஆடாம உக்காந்திருந்த ஆஃப் ஸ்பின்னர். முரளி வலைப்பயிற்சியில போடுறதைப் பக்கத்துல நின்னு பாக்கலாம், ஹெய்டனுக்கு நெட்ல பந்து போடலாம், அவ்வளவுதான். 2009ல ரெண்டே மேட்ச். 2010ல ஆடி, நடுவுல வெளிய போய், திரும்பி வந்து, கப்பு ஜெயிச்ச அணியில இருந்தார். அதே வருஷம் சாம்பியன்ஸ் லீக்ல தொடர் நாயகன். 2024 டிசம்பர்ல ஓய்வு சொன்னப்போ டெஸ்ட்ல 537 விக்கெட். அஸ்வின்தான், வேற யாரு.

இனி எங்க டீம் கதையோட மிச்சம். நாங்களும் நாலு மேட்ச் வரிசையா ஜெயிச்சோம். எங்க ஹெய்டனும் ஹஸ்ஸியும் அண்ணன் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல திருப்பூர்ல வேலை கிடைச்சு ராத்திரி பஸ் ஏறிட்டாங்க. மறுநாள் அரையிறுதி. போவாங்கன்னு ஒரு மாசமாவே தெரியும். கேப்டன் அண்ணன் அந்த மாசத்துல ஒரு மேட்ச்ல கூட என்னை இறக்கல. ஜெயிக்கிற டீமை ஏன் கலைக்கணும்பார். நியாயம்தான். பதினோராவது ஆளுக்கு டீக்கடைல இருந்து ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தோம், பத்தாவது நான்.

கடைசி ஓவர்ல எட்டு ரன் வேணும். நான் இறங்குறேன். கால் நடுங்குது. எதிர்ல இருந்தவன் அடிச்சுட்டு "வா"ன்னான், நான் வந்தேன், அவன் "போ"ன்னான். ஒரு பந்து கூட ஆடாம ரன் அவுட். மூணு வருஷமா ஓடி ஓடிப் பந்து பொறுக்குன காலு, அந்த இருபத்தி ரெண்டு கெஜம் ஓடல. அவ்வ்வ்.

2023ல ஐபிஎல்ல 'இம்பாக்ட் பிளேயர்'னு கொண்டு வந்தாங்க. வெளிய உக்காந்திருக்கவனை நடுவுல இறக்கலாம், பேட்டும் பிடிக்கலாம், பந்தும் போடலாம். முதல் ஆளா சென்னைக்கு ராயுடுவுக்குப் பதிலா துஷார் தேஷ்பாண்டே இறங்கினதை டிவியில பாத்தப்போ, பக்கத்துல அதே கேப்டன் அண்ணன். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. "நம்ம காலத்துல இது இருந்திருந்தா உன்னை இறக்கியிருப்பேன்டா"ன்னார். "இறக்கியிருக்க மாட்டீங்கண்ணே"ன்னேன். சிரிச்சுட்டார்.

அந்த ஸ்கோர் நோட்டு இன்னும் வீட்டுப் பரண்ல இருக்கு. போன் வந்த அன்னைக்கு ராத்திரி ஏறி எடுத்துப் பாத்தேன். அரையிறுதிப் பக்கத்துல ஒன்பது பேருக்கும் ரன்னு, அவுட்டான விதம் எல்லாம் என் கையெழுத்துல சுத்தமா இருக்கு. பத்தாவதா என் பேரு. அதுக்கு நேரா ஒண்ணுமே எழுதல. எழுதுறவன் அப்ப நடு பிட்ச்சுல நின்னுட்டு இருந்தான்.