படத்தில் இல்லாத கால்விரல்கள்

2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு வந்தது. கொழும்பில் மே 26 வரை பெரும்பாலும் பகலிலும் அது தளரவில்லை. வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு உலகம் எண்டால் ஃபோன்தான். ஏப்ரலில் அதில ஒரு படம் சுத்தித் திரிஞ்சது: சிவந்து வீங்கின கால்விரல்கள். பெயர் 'கொவிட் கால்விரல்'.

குளிர் நாடுகளில் சில்பிளெயின் எண்டு ஒரு பழைய வருத்தம் இருக்கு. ஈரக்குளிரில் விரல் சிவந்து, வீங்கி, கடிக்கும். அதே தோற்றத்தை இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் வைத்தியர்கள் அந்த வசந்தகாலத்தில் கண்டார்கள். அதுவும் பெரும்பாலும் சிறுவர்களிலும் இளையவர்களிலும். பலருக்கு பிசிஆர் முடிவு 'நெகட்டிவ்'. வைரசை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்பெரோன் மும்முரமாக வேலை செய்ததன் அடையாளம் இது எண்டார்கள் ஒரு சாரார். பூட்டிய வீட்டுக்குள் வெறுங்காலோடு இருந்ததன் விளைவுதான் எண்டார்கள் மறுசாரார். அநேகருக்குச் சில வாரங்களில் தானாகவே மாறிவிட்டது. வாதம் மட்டும் முடியவில்லை.

ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவ, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம் திரும்பவும் மூடப்பட்டன. அப்பதான் எங்களில் ஒருத்தியின் தம்பிக்குக் கால்விரல் கறுத்து வீங்கினது. அம்மா "சேத்துப்புண்" எண்டு உப்புத்தண்ணியில் கழுவிவிட்டா. நாங்கள் ஃபோனில் இருந்த படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தம். சிவப்பு இல்லை. அப்ப இது அதில்லை எண்டு விட்டிட்டம்.

எங்கட பிழை அந்த ஒப்பீட்டில்தான். கருந்தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாக, கபிலமாக, கறுப்பாகவும் தெரியலாம். கொவிட் தோல் அறிகுறிகள் பற்றிய கட்டுரைகளில் வந்த 130 படங்களை ஜெனா லெஸ்டர் எண்ட அமெரிக்கத் தோல் வைத்தியரின் குழு 2020இல் ஆராய்ந்தது. மிகக் கருமையான இரண்டு தோல் வகைகளுக்கு அதில் ஒரு படம்கூட இல்லை. அதே ஆண்டு லண்டன் சென்ட் ஜோர்ஜஸ் மருத்துவ மாணவன் மலோன் முக்வெண்டே, தன் விரிவுரையாளர்கள் இருவரோடு சேர்ந்து, கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் எண்டு காட்டும் கைநூலை வெளியிட்டான். எங்கட வயசுதான்.

தம்பிக்கு வந்தது சேத்துப்புண்ணாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க இண்டைக்கு எங்களிட்ட ஒரு படமும் இல்லை. ஒரு தொற்றுநோயின் வரலாறு யாருடைய உடம்பைப் பார்த்து எழுதப்படுகுது எண்ட கேள்வி, எங்கட வீட்டுக் கால்விரலிலேயே இருந்திருக்கு. உங்கட பழைய ஃபோன்களில் அந்த நாள்களின் படங்கள் கிடந்தால் அழிக்காதேங்கோ. திகதியோட எடுத்து வையுங்கோ.