கொடுக்க வந்தவர்களும் கற்கப் போனவர்களும்

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கதைக்கு வேண்டிய விவரம் தேடி அங்கே போயிருந்தேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளிநாட்டு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். விடுமுறையில் மூன்று வாரம் ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்த பிள்ளைகள். கரிசல் காட்டு வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. வேலை சுமார்தான், உற்சாகத்துக்குக் குறைவில்லை.

வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"இவுக இங்க வர எம்புட்டுச் செலவாகியிருக்கும், ஐயா?"

விமானக் கட்டணத்தைத் தோராயமாகச் சொன்னேன்.

"அடியாத்தி! எங்க தெருப் பையன் பெயிண்டு வேலை தெரிஞ்சவன், வேலையில்லாம உக்காந்திருக்கான். அதுல கால்வாசி குடுத்திருந்தா ஊரையே அடிச்சுக் குடுத்திருப்பானே!"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியா அது?

கடல் கடந்து வந்து ஏழைகளுக்கு உழைக்கும் இந்த வழக்கம் நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணியை முன்னின்று நடத்தினார். அப்போது ஸ்விட்ஸர்லாந்திலிருந்து பியர் செரெஸோல் என்ற என்ஜினீயர் வந்து சேர்ந்தார். முதல் உலக யுத்தம் முடிந்தபின், 1920-ல், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே பாழான கிராமம் ஒன்றில், பகை நாட்டு மனிதர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு கட்டியவர் அவர். பீகாரிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நண்பர்களுடன் மண்வெட்டி பிடித்தார். வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை விட்டு ஜனங்கள் குடியேற மேட்டு நிலத்தில் புது வீடுகள் எழும்பின. துரைமார் என்றால் நாற்காலியில் அமர்ந்து உத்தரவு போடுகிறவர்கள் என்றிருந்த காலம் அது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு 1960 அக்டோபரில், நள்ளிரவு கழிந்த வேளையில், மிச்சிகன் சர்வகலாசாலை மாணவர்களைப் பார்த்து கென்னடி ஒரு கேள்வி கேட்டார். ஏழை நாடுகளில் போய் உழைக்க உங்களில் எத்தனை பேர் தயார் என்பதே அதன் சாரம். அடுத்த மார்ச்சில் 'பீஸ் கோர்' என்ற அமைதிப் படை பிறந்தது. 1961 முடிவதற்குள் முதல் கோஷ்டி பஞ்சாபுக்கு வந்துவிட்டது. இளைஞர்கள் இரண்டிரண்டு வருஷம் தங்கி, கோழி வளர்ப்பு, விவசாயம் என்று பல வேலைகள் பார்த்தார்கள். 1976-ல் அந்தப் படை இந்தியாவை விட்டுப் போயிற்று.

நிற்க. நான் நின்றுகொண்டிருந்த அதே மண்ணிலிருந்து, 1922-ல், இளைஞர் இருவர் எதிர்த் திசையில் பிரயாணம் செய்தார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும்தான் அவர்கள். மழை பொய்க்கும் சீமை; விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாது. இருவரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். பாஷை தெரியாது, சோறும் வேறு. அன்றைய சிவகாசிக்காரனுக்கு வங்காளமும் அந்நிய தேசந்தான். மாதக்கணக்கில் அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள் யாருக்கும் எதையும் கொடுக்கப் போகவில்லை, மாணாக்கராகப் போனார்கள். தீப்பெட்டியும், பின்னால் பட்டாசும், அச்சுத் தொழிலுமாக ஊரே அந்தப் படிப்பினால் மாறிப்போயிற்று.

அந்தப் படிப்பு சோறு போட்டது. சோற்றுக்கு விலையும் வாங்கியது. என் பக்கத்தில் நின்ற அம்மாளே அதற்குச் சாட்சி.

"எட்டு வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனேன். கோழி கூவுறதுக்கு முன்னாடி பஸ் வந்து ஆரன் அடிக்கும். தூக்கத்துலயே தூக்கி ஏத்திவிடுவா எங்க ஆத்தா. இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள நான் காலு வச்சதில்லை. இப்ப என் பேத்தி மூணாங்கிளாசு படிக்குது."

தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கட்டையின் வரிகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் வேலைக்குக் குழந்தை விரல்களே தோது என்று நினைத்த காலம் ஒன்றிருந்தது.

பாட்டிக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் பேத்திக்கு எப்படிக் கிடைத்தது? சுவருக்குப் பூசிய வர்ணத்தினாலா? விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளியில் படித்த காமராஜர், 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கதை அதோடு முடியவில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பிள்ளைகள் தப்பினாலும் பெரியவர்கள் இன்னும் தப்பவில்லை.

அப்படியானால் அந்த மாணவர்கள் வந்தது வீணா? அப்படித்தான் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு பெண் தூரிகையை வைத்துவிட்டு எங்களிடம் வந்தாள். வாத்தியார் மொழிபெயர்க்க, "என் வயதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று அந்த அம்மாளைக் கேட்டாள். அம்மாள் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு கட்டை அடுக்கும் வேகத்தை வெறும் விரல்களாலேயே காற்றில் காட்டினாள். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் விரல் மறக்கவில்லை. மற்றப் பிள்ளைகளும் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று சுவர் பாதியில் நின்றது.

மறுநாள் போனேன். தெருப் பையன் ஏணிமேல் நின்று, வர்ணம் வழியாமல் பட்டையை இழுப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "கூலி பேசியாச்சு, ஐயா!" என்றாள் அம்மாள்.

மூன்று வாரத்தில் அதுதான் உருப்படியான வேலை என்று எனக்குத் தோன்றியது.